கர்ப்பகாலத்தில் சூலகப் புற்றுநோய்: பொத்துவில், அறுகம்பே குடும்பங்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஸ்கேனில் சூலகக் கட்டி தெரிகிறது என்று வைத்தியர் சொன்னதும், தாயைக் காப்பதா பிள்ளையைக் காப்பதா என்று வீடே கலங்கிவிடும். பெரும்பாலும் அப்படி ஒருவரைத் தெரிவு செய்ய வேண்டி வருவதில்லை. எந்த வாரத்தில் எதைச் செய்வது என்ற ஒழுங்குதான் இதில் முக்கியம். முதல் கிளினிக்கிலிருந்து பிரசவத்துக்கு அப்பால் வரை சேர்ந்தே போவோம்.

என்ன இது?

கர்ப்பத்தில் தெரியும் சூலகக் கட்டிகளில் அநேகமானவை சாதாரண நீர்க்கட்டிகள். 16 வாரமளவில் அவை தாமாகவே கரைந்துவிடும். புற்றுநோய் மிக அரிது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களில் ஒன்றில்தான் வரும். வந்தாலும், கர்ப்பிணிக்கு வழமையாக ஸ்கேன் எடுப்பதால் பலருக்கு ஆரம்ப நிலையிலேயே பிடிபடுகிறது.

எங்கே தொடங்குவது?

முதலில் நம் பகுதி மருத்துவ மாதுவிடம் சொல்வோம். கர்ப்பிணிப் பதிவேட்டில் கடைசி மாதவிடாய்த் திகதி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். இனி எல்லா முடிவும் அந்தத் திகதியிலிருந்து எண்ணும் வாரங்களை வைத்துத்தான்.

பொத்துவில் ஆதார வைத்தியசாலையில் கடிதம் பெற்று, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையில் மகப்பேற்று நிபுணரைக் காணலாம். புற்றுநோய் சந்தேகம் வலுத்தால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ அனுப்புவார்கள். பதிவேடு, ஸ்கேன், இரத்த ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே பைலில் வைத்துக்கொள்வோம்.

என்ன பரிசோதனைகள்?

ஸ்கேன்தான் முதலில். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம், அதற்குரிய கடோலினியம் ஊசி மருந்தைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். சி.டி. ஸ்கேனையும் இயன்றவரை தவிர்ப்பார்கள். சூலகப் புற்றுநோயைச் சந்தேகிக்கும்போது பார்க்கும் சி.ஏ.125 இரத்த அளவு, கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் இயல்பாகவே கூடும். அந்த ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

எந்த வாரத்தில் என்ன சிகிச்சை?

முதல் மூன்று மாதம்: பிள்ளையின் உறுப்புகள் உருவாகும் காலம். கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்தைக் கொடுக்கமாட்டார்கள். அவசரம் இல்லாவிட்டால் சத்திரசிகிச்சையையும் தள்ளிவைப்பார்கள்.

சுமார் 14 முதல் 20 வாரம்: சத்திரசிகிச்சைக்கு ஏற்ற காலம். நோய் ஒரு பக்கம் மட்டும் என்றால் அந்தச் சூலகத்தை எடுத்துவிட்டுக் கர்ப்பத்தைத் தொடரலாம்.

அதன் பிறகு: தேவையானவர்களுக்கு காபோபிளாட்டின், பக்ளிடாக்சல் போன்ற கீமோ மருந்துகள் கொடுக்கலாம். தாய்க்குக் கர்ப்பத்தில் புற்றுநோய் இருந்த 129 பிள்ளைகளைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. அவர்களில் பெரும்பாலானோர் கருவிலிருந்தபோதே தாய்க்குக் கீமோ ஏற்றப்பட்டது. இருந்தும் அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் மற்றப் பிள்ளைகளைவிட அவர்கள் பின்தங்கவில்லை. குறைமாதப் பிறப்புத்தான் வளர்ச்சியைப் பாதித்தது.

ஆகவே 37 வாரம் வரை கொண்டுபோவதே இலக்கு. பிரசவத்துக்கு மூன்று வாரம் முன்னரே கீமோவை நிறுத்துவார்கள்.

ஆரம்ப மாதங்களிலேயே நோய் பரவியிருந்தால் முடிவு கடினம்தான். இலங்கைச் சட்டப்படி தாயின் உயிரைக் காக்க மட்டுமே கர்ப்பத்தைக் கலைக்கலாம். கணவரும் உம்மாவும் கூட இருக்க, நிபுணர்களிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெளிவோம்.

செலவு எவ்வளவு?

அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். பயணம், துணைக்கு வருபவரின் தங்குமிடம், சாப்பாடு, சிலவேளை வெளியே செய்யச் சொல்லும் பரிசோதனை ஆகியவற்றுக்குத்தான் கைக்காசு போகும். மட்டக்களப்பு என்றால் ஒரே நாளில் போய் வரலாம். மஹரகமவுக்குத் தங்கும் ஏற்பாட்டோடு போவோம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் நோயாளர் உதவிப்பணம் பற்றி முதல் வாரத்திலேயே கேட்போம்.

கவனம்

ஒரு பக்க அடிவயிற்றில் திடீர்க் கடும் வலியும் வாந்தியும் வந்தால் கட்டி முறுகியிருக்கலாம். இரத்தப்போக்கு, கீமோ நாட்களில் காய்ச்சல் ஆகியவையும் காத்திருக்க முடியாதவை. உடனே 1990 அம்புலன்ஸை அழைப்போம், அது இலவசம்.

கீமோவோடு கைமருந்து வேண்டாம். நோன்பு காலத்தில் கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. தயங்காமல் அதைப் பயன்படுத்துவோம்.

பிரசவத்துக்குப் பிறகு

நஞ்சுக்கொடியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்போம். கீமோ தொடர்ந்தால் தாய்ப்பால் கொடுக்கக்கூடாது. மாற்றுப்பாலுக்கு முன்பே ஏற்பாடு செய்வோம். பிள்ளையின் தடுப்பூசித் திகதிகளுக்குப் பக்கத்திலேயே தாயின் கிளினிக் திகதிகளையும் எழுதி, இரண்டையும் ஒன்றுகூடத் தவறவிடாமல் போய் வருவோம்.