அபராதம் கட்டுமுன் ஒரு நிமிடம்

வண்டி நிறுத்துவதில் தகராறு. கோபத்தில் பக்கத்துக் கடையின் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வயது 23, அரசு வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். சில மாதங்களில் சம்மன் வருகிறது. கோர்ட் வராண்டாவில் யாராவது ஒருவர் சொல்வார்: "தப்பை ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போப்பா, பத்து நிமிஷ வேலை."

கட்டிவிடாதீர்கள். சில நூறு ரூபாய் அபராதம் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது தண்டனை. அதே வழக்கைப் புகார்தாரருடன் முறைப்படி சமரசம் செய்து முடித்தால் அது விடுதலை. வேலை தேடுகிறவருக்கு இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

பல சண்டைகள் ஸ்டேஷனிலேயே முடிந்துவிடுகின்றன. சி.எஸ்.ஆர். ரசீது போட்டு, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, நஷ்டத்தைக் கொடுத்ததும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். எஃப்.ஐ.ஆர். ஆகுமுன் இது நடந்தால் நல்லது.

எஃப்.ஐ.ஆர். ஆகிவிட்டால் முதலில் சேத மதிப்பைப் பாருங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 324-ஆவது பிரிவு, தொகையை வைத்தே தண்டனையைப் பிரிக்கிறது. சாதாரண சேதத்துக்கு ஆறு மாதம் வரை சிறை. 20,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டு வரை. ஒரு லட்சத்தைத் தொட்டால் ஐந்து ஆண்டு வரை. ஆகவே 19,000 ரூபாய்க் கதவுக்கு 23,000 என்று பில் வந்தால் சும்மா இருக்காதீர்கள். வேறொரு கண்ணாடிக் கடையில் எஸ்டிமேட் வாங்கி வக்கீலிடம் கொடுங்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு சட்டமும் உண்டு. 1992-இல் பொதுச்சொத்துக்காக வந்த சேதத் தடுப்புச் சட்டம், பிறகு தனியார் சொத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. எஃப்.ஐ.ஆரில் இது இருந்தால் நடுவர் நீதிமன்றத்தில் சமரசம் பேசி முடிக்க முடியாது. வழக்கை ரத்து செய்யச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றத்துக்கோ மதுரைக் கிளைக்கோ போக வேண்டும். தெருச் சண்டைக்கெல்லாம் இந்தச் சட்டத்தைப் போடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

அது இல்லை, சேதமும் தனி நபருக்கு மட்டும்தான் என்றால் வழி எளிது. நஷ்டத்தை ரசீதோடு கொடுத்துவிட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு ஜாயிண்ட் மெமோ போட வேண்டும். வாய்தா அன்று புகார்தாரர் நேரில் வர வேண்டும். "பணம் வந்துவிட்டதா, யாராவது மிரட்டினார்களா?" என்று நடுவர் அவரிடம் கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் சமரசம் பதிவாகி நீங்கள் விடுதலை. மக்கள் நீதிமன்றத்திலும் இதை முடிக்கலாம், கட்டணம் இல்லை.

பலர் குறுக்கு வழியில் போகிறார்கள். பணத்தை வெளியே கொடுத்துவிட்டு, புகார்தாரரைக் கூண்டில் பல்டி அடிக்க வைக்கிறார்கள். சட்டப்படி அது தவறு. காவலர் வேலை கனவு இருந்தால் பெரும் ஆபத்தும்கூட. சாட்சி பிறழ்ந்ததாலோ சந்தேகத்தின் பலனாலோ விடுதலையானவரை, வழக்கில் தொடர்புடையவராகவே கருதச் சொல்கிறது தமிழகக் காவலர் பணி விதி. சமரச விடுதலையை அங்கே எப்படிப் பார்ப்பார்கள் என்பதையும் வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

புகார்தாரர் இறங்கி வரவே இல்லையா? முதல் குற்றம் என்றால் 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்கீழ் எச்சரித்தோ பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டோ விடும்படி கேட்கலாம். தண்டனையால் வரும் தகுதியிழப்பு அப்போது ஒட்டாது. ஆனால் குற்றம் நிரூபணமானது நிரூபணமானதுதான்.

வேலை விண்ணப்பத்தில் 'வழக்கு உண்டா' என்ற கேள்விக்கு உண்மையை எழுதுங்கள். உண்மையைச் சொன்னவரின் வழக்கு அற்பமானதா என்று பார்த்து, வேலை தருபவர் முடிவெடுக்கலாம். மறைத்ததையே காரணமாக்கி வேலையை மறுக்கவும் செய்யலாம். 2016-இல் உச்ச நீதிமன்றம் அவதார் சிங் வழக்கில் வகுத்த நெறி இது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் இரண்டை அன்றே விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் வெரிஃபிகேஷன் வரும் நாளில் முதலில் கேட்பது அதைத்தான்.