விண்ணிலிருந்து இறங்கிய மருத்துவர்

நுழையும்முன்

அச்சமின்மை பிறவியிலேயே வாய்ப்பதா, பழகிப் பெறுவதா? பறக்கும் வானூர்தியின் வாயிலில் நின்று வெறும்வெளியில் காலெடுத்து வைப்பவரைக் கண்டால் நமக்கு வியப்பு மேலிடுகிறது. அந்த ஓர் அடிக்குப் பின்னால் அறிவியலும், பல நாள் பயிற்சியும், முகந்தெரியாத பலரின் கவனமும் ஒளிந்திருக்கின்றன. வான்குடையின் துணையால் போர்க்களத்தில் இறங்கி உயிர்காத்த இந்திய மருத்துவர் ஒருவரின் வாழ்வின் வழியே அவற்றை அறிந்துகொள்வோம்.

மலையும் மருத்துவமும்

பழனி மலைத்தொடரில், கொடைக்கானலை அடுத்து அமைந்துள்ள சிற்றூர் வில்பட்டி. படிக்கட்டுகளைப்போல் சரிவில் இறங்கும் வயல்கள் அவ்வூருக்கு அழகு சேர்ப்பன. அவ்வயலின் வரப்பில் நின்று கீழே நோக்கினால், சில நாள்களில் மேகம் நம் காலுக்குக் கீழே மிதப்பதைக் காணலாம். மேகம் கலையும்போது பள்ளத்தாக்கின் ஆழம் கண்ணுக்குப் புலப்படும். உடனே நம் கால்கள் தாமாகவே ஓர் அடி பின்வாங்கும். உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் இயல்புணர்வே அது.

மலைவாழ் மக்களுக்கு உயரம் வெறும் அழகன்று. அன்றாட வாழ்வின் சிக்கலுமாகும். சாலை எட்டாத மலைச் சிற்றூர்களில் ஒருவர் நோயுற்றால், டோலி கட்டித் தோளில் சுமந்து, ஒற்றையடிப் பாதையில் மணிக்கணக்கில் நடந்து மருத்துவமனை சேர்ப்பது வழக்கம். அங்கே நோயாளி மருத்துவரைத் தேடி இறங்குகிறார். மருத்துவரே நோயாளியைத் தேடி இறங்கினால்? அதுவும் சாலைவழியாக அன்றி, வானத்தின் வழியாக இறங்கினால்? கற்பனைபோல் தோன்றும் இச்செயலை மெய்யாகவே செய்துகாட்டியவர், தம் பெயரிலேயே ஆற்காட்டைத் தாங்கிய ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ்.

குடை விரிந்த வரலாறு

உயரத்திலிருந்து தீங்கின்றி இறங்க வேண்டும் என்னும் வேட்கை பழமையானது. 1797ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆந்திரே ழாக் கார்னெரின் என்பவர் பாரிசு நகரின்மேல் பலூனில் உயர்ந்து சென்று, துணியாலான வான்குடையின் துணையுடன் தரையிறங்கினார். அவர் உயிர்பிழைத்தார், எனினும் இறங்கும் வழியெல்லாம் குடை ஊசல்போல் இருபுறமும் ஆடி அவரை அலைக்கழித்தது. குடையினுள் அடைபட்ட காற்று வெளியேற வழியின்றி, விளிம்புகளின் வழியே ஒழுங்கின்றிச் சிதறியதே அதற்குக் காரணம். பிற்காலத்தில் குடையின் உச்சியில் சிறு துளை இடப்பட்டது. காற்று அதன்வழியே சீராக வெளியேறியதால் ஆட்டம் குறைந்தது. ஒரு குறையைக் கண்டு அஞ்சி விலகாமல், அதன் காரணத்தை ஆராய்ந்ததால் விளைந்த முன்னேற்றம் இது.

இந்திய மண்ணிலும் இக்கலை வேரூன்றியது. 1890ஆம் ஆண்டில் கல்கத்தாவில் ராம்சந்திர சட்டர்ஜி பலூனிலிருந்து வான்குடையுடன் இறங்கினார். வேடிக்கைக் காட்சியாகத் தொடங்கிய இச்செயல், இருபதாம் நூற்றாண்டின் உலகப்போர்க் காலங்களில் வானூர்தி ஓட்டிகளின் உயிர்காக்கும் கருவியாகவும், படைவீரரைக் களத்தில் இறக்கும் வழியாகவும் வளர்ந்தது. போருக்குப் பின்னர் உலகெங்கும் விளையாட்டாகவும் பரவியது.

வீழ்ச்சியின் அறிவியல்

விளையாட்டாகக் குதிப்போர் பெரும்பாலும் பதின்மூன்றாயிரம் அடி உயரத்தில் வானூர்தியை விட்டு நீங்குவர். இது கொடைக்கானல் நகரின் உயரத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. குதித்தவரின் வேகம் முதற்கட்டத்தில் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.8 மீட்டர் என்னும் அளவில் உயர முற்படுகிறது. ஆனால், வேகம் மிகும்தோறும் காற்றுத்தடையும் மிகுகிறது. ஏறத்தாழ பன்னிரண்டு நொடிகளில் உடலின் எடையும் காற்றுத்தடையும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. அதன்பின் வேகம் கூடுவதில்லை. இதனையே இயற்பியலில் முற்றுத்திசைவேகம் என்கிறோம். வயிறு தரையை நோக்க, கைகால்களை விரித்து விழுபவருக்கு இது மணிக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். உடலைக் குறுக்கித் தலைகீழாகப் பாய்ந்தால் காற்றுத்தடை குறைந்து வேகம் இன்னும் மிகும்.

இந்நிலையில் குதிப்பவர் தாம் விழுவதாக உணர்வதில்லை. காற்றின்மேல் படுத்திருப்பதாகவே உணர்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க அருகில் எப்பொருளும் இல்லாமையும் இதற்கு ஒரு காரணம். இவ்வுணர்வு இனிமையானது; அதேவேளை ஏமாற்றக்கூடியது. ஆகவே, குதிப்பவர் தம் உணர்வை நம்பாமல், கையில் கட்டிய உயரமானியையே நம்பக் கற்பிக்கப்படுகிறார். ஏறத்தாழ ஐம்பது நொடிகளில் குடையை விரிக்கும் உயரம் வந்துவிடும். கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு மலைப்பாதையில் பேருந்து இறங்க ஆகும் நேரத்தை நினைத்துப் பார்த்தால் இவ்விரைவின் பொருள் விளங்கும்.

முதலில் விரிவது கைக்குட்டை போன்ற சிறு குடை. அது காற்றைப் பற்றிக்கொண்டு பெருங்குடையைப் பையிலிருந்து இழுக்கிறது. பெருங்குடை ஒரே நொடியில் முழுவதும் விரிந்தால் அதன் அதிர்ச்சியை உடல் தாங்காது. எனவே, கயிறுகளினூடே நழுவி இறங்கும் சிறு துணி ஒன்று விரிதலை மெதுவாக்குகிறது. இக்காலத்து விளையாட்டுக் குடைகள் நீள்சதுர வடிவின. அறை அறையாகத் தைக்கப்பட்டவை. முன்புறத்தின் வழியே புகும் காற்று அவ்வறைகளை நிரப்ப, துணி இறக்கையாக மாறுகிறது. இருபுறக் கயிறுகளை இழுத்துத் திசை திருப்பலாம். தரையை அணுகும்போது இரண்டையும் ஒருசேர இழுத்து வேகத்தைத் தணிக்கலாம்.

மடிப்பவரின் கைகள்

குதிப்பவரை உலகம் போற்றுகிறது. அவர் முதுகில் சுமக்கும் குடையை மடித்தவரை யாரும் அறிவதில்லை. நீண்ட மேசையின்மீது துணியைப் பரப்பி, ஒவ்வொரு கயிறாகச் சரிபார்த்து, கிழிசலும் முறுக்கும் சிக்கலும் இல்லையென உறுதிசெய்து, மடிப்பின்மேல் மடிப்பாக அடுக்கிப் பையினுள் அடக்குவது பொறுமை மிக்க பணி. ஒரே ஒரு கயிறு தவறான பக்கம் புரண்டிருந்தாலும், அதன் விளைவு வானத்தில்தான் தெரியவரும். அங்கே திருத்த நேரமில்லை. ஆகையால் முதன்மைக் குடையுடன் மாற்றுக்குடை ஒன்றும் சேர்த்தே சுமக்கப்படுகிறது. அதனைத் தகுதிச் சான்று பெற்ற வல்லுநரே மடிக்க வேண்டும். பயன்படுத்தப்படாவிட்டாலும் குறிப்பிட்ட கால இடைவெளியில் பிரித்துச் சோதித்து மீண்டும் மடிக்க வேண்டும். குதித்தவர் நினைவிழந்தாலும், குறித்த உயரத்தில் மாற்றுக்குடையைத் தானே விரிக்கும் கருவியும் இன்று உண்டு.

அமெரிக்கத் தரைப்படையில் வான்குடை மடிப்போரும் குதிக்கும் தகுதி பெற்றவராக இருத்தல் வேண்டும். பிறர் உயிரைத் தம் கைகளில் ஏந்துவோர், அதே குடையில் தம் உயிரையும் ஒப்படைக்கத் துணிந்தவராக இருக்க வேண்டும் என்னும் அறம் இதில் அடங்கியுள்ளது. இவ்வறம் வான்குடைக்கு மட்டும் உரியதன்று. பாலம் கட்டுவோர், மருந்து தயாரிப்போர், மின்கம்பி இணைப்போர் என, கண்காணாத ஒருவரின் உயிருக்குப் பொறுப்பேற்கும் அனைவருக்கும் பொருந்துவதாகும்.

களத்தில் இறங்கிய கருணை

1941ஆம் ஆண்டில், இரண்டாம் உலகப்போரின்போது, 50ஆவது இந்திய வான்குடைப் படைப்பிரிவு உருவாக்கப்பட்டது. அதன் 152ஆவது இந்தியப் படையணியின் மருத்துவ அலுவலராகப் பொறுப்பேற்றார் இளம் மருத்துவரான ரங்கராஜ். வீரர்கள் வானிலிருந்து குதித்தால் அவர்களைக் காக்கும் மருத்துவரும் உடன் குதிக்கத்தானே வேண்டும்? அவரும் ஹவில்தார் மேஜர் மதுரா சிங்கும் இந்தியப் படையினருள் முதன்முதலில் வான்குடையுடன் குதித்தவர்கள் என்னும் பெருமையைப் பெற்றனர். அறுவைக்கத்தி பிடித்த கை வான்குடையின் வாரையும் பற்றியது.

1950ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கொரியப் போர் மூண்டது. விடுதலை பெற்று மூன்றாண்டுகளே ஆகியிருந்த இந்தியா, போரிடும் படையை அனுப்பாமல் மருத்துவப் பிரிவை அனுப்ப முடிவுசெய்தது. லெப்டினன்ட் கர்னல் ரங்கராஜ் தலைமையில் 60ஆவது வான்குடைக் களமருத்துவப் பிரிவு அவ்வாண்டு நவம்பரில் கொரியாவை அடைந்தது.

அங்கு அவர்களைக் கடுங்குளிரும் பின்வாங்கும் படைகளின் நெரிசலும் எதிர்கொண்டன. டிசம்பர் மாதத் தொடக்கத்தில் பியோங்யாங் நகரைவிட்டு ஐக்கிய நாடுகளின் படைகள் வெளியேறின. இந்தியப் பிரிவுக்கு ஊர்தி கிடைக்கவில்லை. மருத்துவக் கருவிகளைக் கைவிட்டுச் செல்வதே எளிய வழியாக இருந்தது. ஆனால், கருவிகளின்றி மருத்துவர்கள் எவ்வாறு உயிர்காப்பர்? அவர்கள் பழைய நீராவி ரயில் எஞ்சின் ஒன்றையும் சில பெட்டிகளையும் கண்டுபிடித்தனர். வரிசையாக நின்று கைமாற்றி எஞ்சினுக்கு நீர் நிரப்பினர். எஞ்சின் இயக்கம் அறிந்த வீரர்கள் அதனை ஓட்ட, கருவிகள் அனைத்துடனும் தெற்கே வந்து சேர்ந்தனர். அவர்கள் கடந்துவந்த ஆற்றுப்பாலம் சற்று நேரத்தில் தகர்க்கப்பட்டது.

1951ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், சியோல் நகருக்கு வடமேற்கே உள்ள முன்சான் பகுதியில், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் வான்குடைகளில் இறங்கினர். அவர்களோடு இறங்கினர் ரங்கராஜ் உள்ளிட்ட பன்னிரண்டு இந்திய மருத்துவப் பணியாளர்கள். விளையாட்டு வீரரைப்போல் மிதந்து மகிழ அங்கு நேரமில்லை. படைவீரர் குறைந்த உயரத்தில் குதிப்பர். ஊர்தியுடன் பிணைத்த கயிறே அவர்தம் குடையை விரித்துவிடும். சிறிது நேரத்தில் தரை வந்துவிடும். பாதங்களைச் சேர்த்து, முழங்கால்களைச் சற்றே மடித்து, பக்கவாட்டில் உருண்டு அதிர்ச்சியை உடல்முழுதும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பிறர் எழுந்து துப்பாக்கியைப் பற்றினர். இவர்கள் எழுந்து காயம்பட்டோரைத் தேடினர். இம்முயற்சியில் அவர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளைச் செய்து பலரைக் காத்தனர்.

ரங்கராஜின் பணிக்காக இந்திய அரசு மகாவீர் சக்கரம் வழங்கிச் சிறப்பித்தது. படைப்பணிக்குப் பின் அவர் உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்புப் பணியில் ஈடுபட்டார். அங்கும் மலைகள், அங்கும் சாலை எட்டாத சிற்றூர்கள். நோயாளியைத் தேடிச் செல்லும் அவரது பயணம் அங்கும் தொடர்ந்தது. பெரியம்மை ஒழிந்ததென 1980ஆம் ஆண்டு உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அவ்வெற்றியில் அவரது உழைப்பும் கலந்திருந்தது.

துணிவு என்பது யாது?

துணிவு என்பது அச்சமின்மை என எண்ணுகிறோம். வில்பட்டியின் வரப்பில் பின்வாங்கும் கால்கள் நம் அறிவின் அடையாளமே; அதில் இழிவேதுமில்லை. குதிக்கும் முன் கயிற்றைச் சோதிக்கச் செய்வதும், உயரமானியைப் பார்க்கச் செய்வதும், மாற்றுக்குடையைச் சுமக்கச் செய்வதும் அவ்வச்சமே. அச்சத்தை ஒழுங்காக மாற்றிக்கொள்வதே பயிற்சி. புகழுக்காகத் துணிவோரும் உளர். மகிழ்ச்சிக்காகத் துணிவோரும் உளர். கீழே ஒருவர் குருதி சிந்திக் கிடக்கிறார் என்பதற்காகத் துணிந்தவர் ரங்கராஜ். நம்மில் எல்லாரும் வானிலிருந்து குதிக்கப் போவதில்லை. எனினும், நம் உதவிக்காகக் காத்திருக்கும் ஒருவரை நோக்கி எடுத்துவைக்க வேண்டிய அந்த ஓர் அடி எல்லார் முன்னும் இருக்கிறது.

தெரிந்து தெளிவோம்

ரேச்சல் தாமஸ் 1979ஆம் ஆண்டு ஆக்ராவில் வான்குடையுடன் குதித்தார். 2002ஆம் ஆண்டில் வடதுருவத்தில் குதித்தார். 2005இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். சீதல் மகாஜன் 2004இல் வடதுருவத்திலும் 2006இல் அண்டார்டிகாவிலும் குதித்தார். 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்திய வான்படையின் வான்குதிப்புக் குழுவின் பெயர் ஆகாஷ் கங்கா.

சொற்பொருள்

வேட்கை – விருப்பம். திங்கள் – மாதம். குருதி – இரத்தம். இழிவு – தாழ்வு. ஊசல் – இருபுறமும் ஆடும் பொருள். உயரமானி – உயரத்தை அளக்கும் கருவி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பிறர் உயிரைக் காக்கும் பணியில் ஈடுபட்டும், வெளியே அறியப்படாத ஒருவரை நேர்கண்டு, அவர்தம் பணியைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'அச்சம் மனிதருக்குத் தேவை' என்னும் பொருளில் வகுப்பில் கலந்துரையாடுக.

குறுவினா

1. கார்னெரினின் வான்குடை ஊசல்போல் ஆடியதற்குக் காரணம் யாது?
2. குதிப்பவர் உணர்வை நம்பாமல் உயரமானியை நம்புவது ஏன்?

சிறுவினா

1. முற்றுத்திசைவேகம் தோன்றும் முறையை விளக்குக.
2. வான்குடை மடிப்போரின் பணியில் வெளிப்படும் அறத்தைப் பிற தொழில்களுடன் பொருத்திக் காட்டுக.

நெடுவினா

'நோயாளியைத் தேடிச் செல்வதே மருத்துவம்' என்னும் கருத்தை ரங்கராஜின் வாழ்க்கை நிகழ்வுகளைக் கொண்டு நிறுவுக.