வளி மாசடைதலும் எக்ஸிமாவும்

மாணவர்களே, 2022 டிசெம்பர் 9 இல் மாசடைந்த வளி காரணமாக இலங்கையில் பாடசாலைகள் மூடப்பட்டன. இத்தகைய வளி நுரையீரலை மட்டுமன்றித் தோலையும் பாதிக்கும்.

வினா: வளி மாசு எக்ஸிமாவை (கரப்பானை) எவ்வாறு அதிகரிக்கிறது?

விடை: மேற்றோல் ஈரத்தைக் காத்து, அந்நியப் பொருட்களைத் தடுக்கும். எக்ஸிமா உள்ளவரில் இத்தடுப்பு பலவீனமானது. வாகனப் புகை, 2.5 மைக்கிரோமீற்றரிலும் சிறிய துணிக்கைகள், ஓசோன் என்பன அதனை மேலும் சிதைக்கும். தோல் வரண்டு, அழற்சியும் அரிப்பும் உண்டாகும்.

பாதுகாக்கும் வழிகள்:
1. வீடு திரும்பியதும் மென்மையான சவர்க்காரமிட்டுக் குளித்தல்.
2. ஈரம் காயுமுன் ஈரலிப்பூட்டும் களிம்பு பூசுதல்.
3. நீண்ட கையுள்ள பருத்தி ஆடை அணிதல்.
4. குப்பை, டயர் எரிப்பதைத் தவிர்த்தல்.
5. அரிப்பு கூடினால் வைத்தியரை நாடுதல்.

கவனிக்க: எக்ஸிமா தொற்றுநோயன்று. ‘தொற்றும்’ என எழுதினால் புள்ளி கிடைக்காது. அவ்வாறு எண்ணி வகுப்புத் தோழரை விலக்குவது அதனிலும் பெரிய தவறு.