பராமரிப்பவருக்கு நாம் தரும் நேரம்

அறிவில் சற்றுக் குறை இருந்த ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு ஒரு தேவை இருப்பதாகச் சொன்னார். நபியவர்கள் அவரைத் தாய் என்ற மரியாதையோடு அழைத்து, எந்தத் தெருவில் நின்று பேசுவது என்பதை அவருடைய விருப்பத்துக்கே விட்டார்கள். அவருடைய தேவை முடியும்வரை வழியில் அவருக்காக நின்றார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

இரக்கத்துக்கு உதாரணமாகவே இதை நாம் பயான்களில் கேட்டிருக்கிறோம். நபியவர்கள் அங்கே கொடுத்தது தம் நேரத்தை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மனவளர்ச்சி குன்றிய, ஆட்டிசம் அல்லது மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் பெரிய தட்டுப்பாடு நேரம்தான். அதிராம்பட்டினம், அய்யம்பேட்டை, ராஜகிரி போன்ற நம் ஊர்களில் பல வீட்டுத் தகப்பனார்கள் வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருக்கிறார்கள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரவில் எழுந்து பார்ப்பது எல்லாம் தாயின் தலையில். அவருக்கு முடியாதபோது மூத்த சகோதரியின் தலையில். நெருங்கிய சொந்தத்தின் நிக்காஹ்வுக்குக்கூட அவரால் வர முடிவதில்லை. "அவங்க எங்கேயும் வர மாட்டாங்க" என்று நாமும் அழைப்பதை விட்டுவிடுகிறோம். எப்போதாவது பார்த்தால், "ஸபூர் செய்யுங்கள், கூலி உண்டு" என்கிறோம். சொல் சரியானதே. சொன்னவர் அத்தோடு தம் வீட்டுக்குப் போய்விடுகிறார்.

உமையா கலீஃபா வலீத் இப்னு அப்துல் மலிக் (ஆட்சி கி.பி. 705–715) நடக்க முடியாதவருக்குப் பணியாளரையும் பார்வையற்றவருக்கு வழிகாட்டியையும் நியமித்ததாக இமாம் தபரீ எழுதுகிறார். பராமரிப்பைக் குடும்பத்தின் தலைவிதி என்று அன்றே விட்டுவிடவில்லை. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு, அதிக உதவி தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் உதவித்தொகை என்ற ஒன்றைக் குறிப்பிடுகிறது. தமிழக அரசு மனவளர்ச்சி குன்றியோருக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. இதுவரை வாங்காதவர்கள் தஞ்சாவூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். அதற்கு அலையவும் ஒரு நாள் வேண்டும், அந்த நாளில் பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

பலர் அறியாத ஒன்று: பிள்ளைக்கு 18 வயது நிறைந்துவிட்டால், பெற்றோர் தாமாகவே சட்டப்படியான பாதுகாவலராகத் தொடர்வதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். தாய் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்துவிடுவது நல்லது. ஃபராயிளில் அந்தப் பிள்ளைக்கும் முழுப் பங்கு உண்டு. "அவனுக்கு எதற்கு நிலம்" என்று சகோதரர்கள் வயலைத் தம் பெயரில் எழுதிக்கொள்வது வெளிப்படையான அநீதி. விவரம் போதாதவரின் சொத்திலிருந்து அவருக்கு உணவும் உடையும் தந்து, நல்ல சொல் சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் ஏவுகிறது. அடுத்த வசனமோ, அநாதையின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர் ஏழையாக இருந்தால் நியாயமான அளவு எடுத்துக்கொள்ள அனுமதிக்கிறது. பொறுப்பைச் சுமப்பவரும் சாப்பிட வேண்டும் என்பதை மார்க்கம் மறக்கவில்லை.

நம் மஹல்லாவில் எங்கே தொடங்கலாம்? பொன்னாடை வேண்டாம். வாரத்தில் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் போய் இருக்க ஆள் வேண்டும். எந்த நாள், எந்த நேரம் என்பதை அந்தத் தாயே சொல்லட்டும். புது முகம் கண்டால் மிரளும் பிள்ளைகள் உண்டு. ஆகவே முதல் சில முறை தாய் உடனிருக்கும்போதே போய்ப் பழக வேண்டும். இருபது வயது வாலிபனை ஐம்பது வயதுத் தாய் தூக்கிக் குளிப்பாட்டும் வீடுகளும் உள்ளன. அது இருவருக்கும் சங்கடம், தாயின் இடுப்புக்கும் கேடு. சிறிய தந்தை, பெரிய தந்தை வீட்டுப் பையன்கள் முறைவைத்து வந்தால், வெள்ளிக்கிழமை குளிப்பாட்டி, உடை மாற்றி, அவனையும் ஜும்ஆவுக்கு அழைத்துப் போகலாம். தொழுகையில் அவன் சத்தம் போட்டால் யாரும் திரும்பி முறைக்க வேண்டாம்.