எலும்பும் தசையும்: பீங்கான் பழக வரும் பிள்ளைகளுக்கு

சக்கரத்தில் உட்கார அவசரப்படாதீர்கள். சீனத்துப் பீங்கானின் அழகெல்லாம் கல்லிலும் மண்ணிலும் தொடங்குகிறது. முதலில் அவற்றோடு பழகுங்கள்.

1. இரண்டு பொருள்களையும் பிரித்தறியுங்கள். ஒன்று கயோலின் என்னும் வெண்களிமண். சீனாவின் ஜிங்டெசென் நகருக்கு அருகிலுள்ள காவ்லிங் என்ற இடத்தின் பெயரே அதற்கும் வந்தது. மற்றொன்று பீங்கான் கல்; குவார்ட்ஸும் வெள்ளை அப்ரகமும் சேர்ந்த பாறை.

2. எதையும் தனியாக நம்பாதீர்கள். பீங்கான் கல்லை மட்டும் வாங்கிப்போய்த் தோற்ற ஐரோப்பியர்களின் கதையைப் பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 1712-இல் எழுதினார். எலும்பில்லாமல் தசையை வைத்து உடல் செய்யப் பார்த்தார்களே என்று ஒரு சீன வணிகர் சிரித்தாராம். சுமார் 1,300 டிகிரி சூட்டில் கல் இளகிக் கண்ணாடியாகிறது. பாத்திரம் சரியாமல் தாங்குவது கயோலின்தான். கயோலின் குறைந்தால் பாத்திரம் வளையும். மிஞ்சினால் பாத்திரத்தின் உடல் இறுகாது, நீர் உறிஞ்சும்.

3. கரைத்து வடிக்கச் சலிக்காதீர்கள். ஜிங்டெசென் பக்கத்தில் ஆற்றுநீர் விசையால் இயங்கும் உலக்கைகளால் கல்லை இடிப்பார்கள். மாவை நீரில் கலக்கி, மேலே நிற்கும் மென்குழம்பை மட்டும் எடுத்துச் சிறு கட்டிகளாக்குவார்கள். அந்தக் குழம்பை இரு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறவென்றால் திரும்பவும் கரையுங்கள். வெண்ணெயாய் வழுக்கினால்தான் பதம்.

4. இரும்புச்சத்தைக் கவனியுங்கள். கொஞ்சம் கூடினாலும் வெண்மை கெடும். இரும்பு மிகக் குறைந்த ஃபூஜியன் மாகாணத்துத் தேஹுவா மண்ணில்தான் பால்வெள்ளைப் பீங்கான் பிறந்தது.

5. மேல்பூச்சை உடலுக்கு உறவாக்குங்கள். அதே பீங்கான் கல்லோடு, சுண்ணாம்பையும் பெரணிச் செடியையும் சேர்த்து எரித்த சாம்பலைக் கலப்பது ஜிங்டெசென் வழக்கம். சாம்பல்தான் பூச்சைச் சீக்கிரம் உருகவைக்கிறது.

6. கோபால்ட்டால் வரையும்போது கண்ணை நம்பாதீர்கள். தூரிகையில் அது கருஞ்சாம்பல் நிறம். சூளைக்குப் பிறகே நீலம். சுடாத உடல் நிறத்தை உடனே குடித்துவிடும். போட்ட கோட்டை அழிக்க முடியாது. ஒரே மூச்சில் போடுங்கள்.

7. காய்ந்த தூளை ஊதாதீர்கள், பெருக்காதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள், முகமூடி அணியுங்கள். குவார்ட்ஸ் தூசி நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது.

8. ஒவ்வொரு கலவையிலும் சிறு வில்லை செய்து சுட்டு, அளவை அதன் முதுகிலேயே எழுதிவையுங்கள். அந்த வில்லைகளை விடச் சிறந்த ஆசான் உங்களுக்குக் கிடைக்கமாட்டார்.