உள்நோயாளியும் வெளிநோயாளியும்: நோய்க் குறியீட்டில் உள்ள வேற்றுமை

ஏலமலைச் சரிவுகளில் வேலை செய்வோர் விடியுமுன் போடிநாயக்கனூரிலிருந்து ஜீப்பில் புறப்பட்டு மாலையில் திரும்புவது நாம் அறிந்ததே. பாம்புக்கடி, வழுக்கி விழுதல், பூச்சிமருந்தின் நஞ்சு, காய்ச்சல் ஆகியவையும் அவர்களோடு மலை இறங்கி வருவதுண்டு. ஆஸ்பத்திரியில் இவர்களுக்குச் சிகிச்சை மட்டும் நடைபெறுவதில்லை. ஓர் எழுத்து வேலையும் நடைபெறுகிறது. அதனை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் நலம்.

குறியீடு என்பது யாது?

ஒரே நோய்க்கு ஊருக்கொரு பெயர் உண்டு. ஆகவே, நிலத்திற்குப் புல எண் இருப்பது போல, ஒவ்வொரு நோய்க்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த அடையாளத்தை உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. இது ஐ.சி.டி. எனப்படும். இதன் 10-ஆம் திருத்தம் 1990-இல் ஏற்கப்பட்டது. 11-ஆம் திருத்தம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 10-ஆம் திருத்தப்படி, காரணம் விளங்காத காய்ச்சல் 'ஆர் 50.9', டைபாய்டு 'ஏ 01.0'.

வெளிநோயாளி

ஓ.பி. சீட்டு பெற்று, மருத்துவரைக் கண்டு, அன்றே வீடு திரும்புபவர் வெளிநோயாளி. அன்று தெரிந்தது எதுவோ அதுவே பதிவாகும். மருத்துவர் டைபாய்டு என ஐயுறலாம்; சோதனை முடிவு வரும்வரை அது காய்ச்சலே. அமெரிக்க விதி இதில் கண்டிப்பானது: வெளிநோயாளிக்கு ஐயத்தைக் குறியிடலாகாது, அறிகுறியையே குறியிட வேண்டும்.

உள்நோயாளி

படுக்கையில் சேர்க்கப்பட்டவருக்கோ, வீடு திரும்பும் நாளில் முழுச் சிகிச்சையையும் பார்த்தே குறியீடு இடப்படும். சிகிச்சைக்குத் தலையாய காரணம் எனக் கடைசியில் தெளிந்த நோய் முதலில் வரும். சர்க்கரை நோய் போன்ற உடனுறை நோய்கள் அடுத்து வரும். கடைசிவரை ஐயம் நீங்காவிடில், ஐயுற்ற நோயையே உறுதிப்பட்டது போலக் குறியிடுவர். காயமாயின், காயத்திற்கு ஒன்றும் காரணத்திற்கு ஒன்றுமாக இரு குறியீடுகள் உண்டு. 2018 மார்ச்சில் நிகழ்ந்த குரங்கணிக் காட்டுத் தீ போன்ற விபத்தில், வெந்த புண்ணுக்கு ஒரு குறியீடு. கட்டடத்திற்கு வெளியே பரவிய தீக்கு 'எக்ஸ் 01'.

இதனால் நமக்கு ஆவதென்ன?

எமக்குத் தெரிந்த தொழிலாளி ஒருவர் ஏலச்செடிக்கு மருந்து தெளிக்கையில் விழுந்துவிட்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். டிஸ்சார்ஜ் சீட்டில் 'மயக்கம்' என்று மட்டுமே இருந்தது. அது 'ஆர் 55'. பூச்சிமருந்து நஞ்சு என்று இருந்திருப்பின் 'டீ 60', காரணத்திற்கு 'எக்ஸ் 48' என ஆகியிருக்கும். இழப்பீடு கேட்கச் சென்றபோது அச்சீட்டு அவருக்குத் துணை நிற்கவில்லை. அழைத்துச் சென்றவர்கள் மருந்துப் புட்டியைக் கொண்டு செல்லவுமில்லை, அதைப் பற்றிச் சொல்லவுமில்லை. திருத்தம் பெற மூன்று நாட்கூலியை இழந்து அலைந்தார்.

காப்பீட்டிலும் இவ்வேற்றுமை உண்டு. 2012-இல் தொடங்கி, 2018-இல் மத்திய அரசுத் திட்டத்துடன் இணைந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ரூ. 5 லட்சம் வரை உதவுகிறது. இது பெரும்பாலும் உள்நோயாளிக்கானது, சாதாரண ஓ.பி. வருகைக்கன்று.

எனினும் ஓ.பி. பதிவேடு அற்பமானதன்று. ஒரே தெருவினர் பலர் ஒரே வாரத்தில் காய்ச்சலோடு வந்தால், முதலில் அறிவிப்பது அதுவே. குடிநீர்த் தொட்டியைச் சோதிக்க ஊராட்சிக்கு அப்பொழுதே வழி பிறக்கும். மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினால் அது எவ்விடத்தும் பதிவாகாது.

நினைவிற் கொள்க

1. நோயாளியுடன் செல்வோர், எவ்வாறு, எங்கு, எதனால் நேர்ந்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

2. மருந்துப் புட்டியின் சீட்டை உடன் கொண்டு செல்க.

3. டிஸ்சார்ஜ் சீட்டை அங்கேயே படித்துப் பார்த்து, விடுபட்டதைப் பணிவுடன் கேட்டுப் பெறுக.

4. ஓ.பி. சீட்டையும் எறிந்துவிடாது பாதுகாக்க.

படிக்கத் தெரியாத தொழிலாளிக்கு அச்சீட்டைப் படித்துக் காட்டுவது ஊராட்சி உறுப்பினர் செய்யத் தக்க நல்ல தொண்டாகும்.