தொல்காப்பியர் கணினிக்குப் பாடம் எடுத்தாரா?

கேள்வி: ஒரு வசனத்தைக் கொடுத்தால் எது பெயர், எது வினை என்று கணினியே குறித்துக் காட்டுகிறதாம். அதற்கு அடிப்படை தொல்காப்பியம்தான் என்கிறார் எங்கள் ஆசிரியர். உண்மையா?
– மாணவி, கோண்டாவில்

பதில்: நல்ல ஆசை, ஆனால் உண்மை இல்லை. தொல்காப்பியர் சொல்லைப் பெயர், வினை, இடை, உரி என்று நான்காக வகுத்தார். இன்றைய மென்பொருள்கள் பல மொழிகளுக்கும் பொதுவாக வைத்திருக்கும் குறிகளோ 17. அவற்றின் வேரைத் தேடிப் போனால், சொல்லை எட்டாகப் பிரித்த கிரேக்க இலக்கணகாரர் தியோனிசியஸ் திராக்ஸின் வாசலில்தான் போய் நிற்போம்.

கணினிக்கு இந்த வேலையைப் பழக்கிய ஆரம்ப முயற்சிகளில் பேர்போனது அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே பத்து இலட்சம் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி வைத்திருந்தார்கள். 1971 இல் கிரீனும் ரூபினும் எழுதிய டாகிட் என்ற நிரல் அவற்றில் 77 சதவீதத்துக்குத்தான் சரியாகக் குறியிட்டது. மிச்சம் இரண்டு இலட்சத்துக்கு மேல்! அதையெல்லாம் மனிதர்கள் இருந்து கையால் திருத்தினார்கள். இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். பிறகு வந்த நிகழ்தகவுக் கணக்குகளைத் தாண்டிவிடுவோம். அவையும் மனிதர் குறித்துக் கொடுத்ததைப் பார்த்தே பழகின.

தமிழில் விகுதி கைகொடுக்கும். 'படித்தான்' வினை என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. தனியே நிற்கும் 'படி'தான் ஆளைக் குழப்பும். 'இந்தப் படி வழுக்கும்' என்றால் பெயர். 'இதைப் படி' என்றால் வினை. 'சொன்னபடி செய்' என்றால் இரண்டும் அல்ல. அகராதியைப் புரட்டினால் மூன்றுமே இருக்கும். பக்கத்துச் சொல்லைப் பார்த்தால்தான் வழி பிறக்கும். 'இதை' என்று இரண்டாம் வேற்றுமை முன்னே வந்தால், பின்னால் ஒரு வினை காத்திருக்கிறது.

கேள்வி: தமிழுக்கு இதை யார் செய்கிறார்கள்? எல்லாம் இந்தியாவில்தானா?
– வாசகர், கொக்குவில்

பதில்: செக் நாட்டின் பிராக் நகரிலும் செய்தார்கள்! அங்குள்ள சார்ள்ஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் ராமசாமி தினமணிச் செய்திகளிலிருந்து 600 வசனங்களை எடுத்துச் சொல் சொல்லாக இலக்கணம் குறித்தார். கோயம்புத்தூர் அமிர்தா பல்கலைக்கழகத்தார் 32 குறிகளை வைத்து ஏறக்குறைய 17,000 வசனங்களைக் குறித்தார்கள். அந்தத் தரவைக் கொண்டு பழக்கிய கருவிதான் தமிழிபோஸ்ட். அதை உருவாக்கியவர் உங்களுக்குப் பக்கத்திலேயே, திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சர்வேஸ்வரன். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கிஹான் டயஸுடன் சேர்ந்து 2020 இல் வெளியிட்ட ஆய்வில் அதன் மதிப்பெண் நூற்றுக்கு 93 ஐத் தாண்டியது.

இங்கேதான் நான் வழக்கமாகப் பிடிக்கும் சண்டை வருகிறது. பத்திரிகைத் தமிழை மட்டும் படித்த கருவிக்கு எங்கள் 'உவன்', 'உது', 'உங்கை' எப்படித் தெரியும்? தொல்காப்பியர் சொன்ன அ, இ, உ என்ற மூன்று சுட்டில் மூன்றாவதை இன்றும் வாயில் வைத்திருப்பவர்கள் நாங்கள். 'உவன் வாறான்' என்று சந்தையில் ஒலிக்கும் வசனத்தைக் குறித்துக் கொடுக்க வேண்டியதும் நாங்கள்தான். பிராக்கிலிருந்து யாரும் வரமாட்டார்கள். ஒரு வகுப்பு மாணவர்கள் ஆளுக்கு நூறு வசனம் எழுதிக் குறித்தாலே பிராக்கின் 600 ஐத் தாண்டிவிடலாம்.

கேள்வி: தொல்காப்பியம் என்றதும் கேட்கிறேன். பாட்டனாரின் பெட்டியில் சுன்னாகத்தில் அச்சான ஒரு தொல்காப்பியம் கிடக்கிறது. ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. எறிந்துவிடலாமா?
– வாசகர், மல்லாகம்

பதில்: ஐயோ, எறியாதீர்கள்! புன்னாலைக்கட்டுவன் கணேசையரின் குறிப்புகளோடு நா. பொன்னையா தமது திருமகள் அழுத்தகத்தில் அச்சிட்ட பதிப்பாக இருக்க வேண்டும். எழுத்ததிகாரம் 1937, சொல்லதிகாரம் 1938. ஈழகேசரிப் பத்திரிகையை நடத்திய அதே பொன்னையாதான்.

பெட்டியை வெறும் நிலத்தில் வைக்காதீர்கள். புத்தகத்தை நிழலில் உலர்த்தி, மெல்லிய தூரிகையால் மண்ணைத் தட்டுங்கள். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே கூடாது. அதன் பசை தாளைப் பழுப்பாக்கிவிடும். பிறகு நூலகம் நிறுவனத்தாரிடம் காட்டுங்கள். ஈழத்து நூல்களை 2005 முதல் மின்வடிவாக்கி வருகிறவர்கள். முகப்புத் தாள் தப்பியிருந்தால் என்ன ஆண்டு, எந்த அதிகாரம் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.